ஹார்ன்பி டப்லோ: பழைய மூன்று தண்டவாள ரயில்களைச் சேர்ப்பதும் செப்பனிடுவதும்

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் பின்ஸ் சாலையில் இருந்த மெக்கானோ என்னும் பொம்மைத் தொழிற்சாலை, 1938-ஆம் ஆண்டு ஹார்ன்பி டப்லோ என்ற பெயரில் ஒரு புதிய வகைப் பொம்மை ரயிலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவரை ஹார்ன்பி என்றால் ஓ கேஜ் எனப்படும் பெரிய தகர ரயில்கள்தாம். அவற்றில் ஏறத்தாழப் பாதி அளவே இருந்த டப்லோ, நிஜ ரயிலின் ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற கணக்கில் செய்யப்பட்டு, 16.5 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள தண்டவாளத்தில் ஓடியது. உலோகத்தில் வார்த்த என்ஜின், வண்ணம் அச்சிட்ட தகரப் பெட்டி, நடுவில் மின்சாரம் பாயும் மூன்றாவது தண்டவாளம் என்ற அந்த அமைப்பு இருபது ஆண்டுகளுக்கு மேல் பெரிதும் மாறவில்லை. எனவே இன்றைக்குச் சேகரிக்கத் தொடங்குபவருக்குப் பொருளும் கிடைக்கிறது, உதிரிப் பாகமும் கிடைக்கிறது, ஓர் என்ஜினில் கற்றது அடுத்த என்ஜினுக்கும் பயன்படுகிறது.

செப்பனிட முனைபவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அறுபது, எழுபது ஆண்டு கடந்த டப்லோ என்ஜின் ஓடாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் காய்ந்துபோன எண்ணெயும் அழுக்கும்தான் காரணம். மீட்க முடியாத சேதம் அதற்குப் பின்னர், அவசரப்பட்டுக் கழற்றுகிற கைகளால் நேர்கிறது. ஆகவே கீழே சொல்லப்படும் முறைகள் எல்லாம், எவ்வளவு குறைவாகக் கை வைத்து ஓர் என்ஜினை ஓடவைக்கலாம் என்பதை நோக்கியே அமைந்திருக்கின்றன.

எதிலிருந்து தொடங்குவது

1938-இல் வெளிவந்த முதல் என்ஜின்கள் இரண்டு: 0-6-2 சக்கர அமைப்புக் கொண்ட என்2 டாங்க் என்ஜின், ‘சர் நைஜல் கிரெஸ்லி’ என்ற பெயர் தாங்கிய, காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவமுள்ள ஏ4 என்ஜின். இரண்டும் மின்சாரத்தில் ஓடும் வகையாகவும், சாவி கொடுத்து ஓடும் வகையாகவும் வந்தன. இரண்டாம் உலகப் போரினால் உற்பத்தி நின்று, பின்னர் மீண்டும் தொடங்கியபோது சாவி வகை கைவிடப்பட்டது; பெட்டிகளை இணைக்கும் கொக்கியின் வடிவமும் மாறியது. போருக்கு முந்தையவை அரியவை, விலை மிகுந்தவை, பின்னர் சொல்லப்போகும் உலோக நோய்க்கு ஆளானவை. புதிதாகச் சேர்ப்பவர் அவற்றைத் தேடிப் போக வேண்டியதில்லை.

1948 ஜனவரி 1 அன்று பிரிட்டனின் ரயில்வேக்கள் நாட்டுடைமையாயின. டப்லோ என்ஜின்களுக்குப் பிரிட்டிஷ் ரயில்வேயின் வண்ணமும் எண்ணும் வந்து சேர்ந்தது ஐம்பதுகளில்தான். அந்தக் காலத்து 0-6-2 டாங்க் என்ஜின், 60016 எண்ணுள்ள ‘சில்வர் கிங்’, 46232 எண்ணுள்ள ‘டச்சஸ் ஆஃப் மான்ட்ரோஸ்’ ஆகியவை ஏராளமாக விற்றவை. இன்றும் ஏலங்களிலும் பழம்பொருள் விற்பனைகளிலும் அடிக்கடி தென்படுபவை. என் பரிந்துரை அந்த டாங்க் என்ஜின்தான். அதற்கு டெண்டர் (நிலக்கரியும் தண்ணீரும் சுமந்து என்ஜினுக்குப் பின்னால் வரும் வண்டி) கிடையாது, கம்பி நீண்டு போவதில்லை, எல்லா வேலையும் ஒரே அடிச்சட்டத்துக்குள் முடிந்துவிடுகிறது. டச்சஸ் அழகானது என்பதில் ஐயமில்லை. அதை இரண்டாவதாக வாங்கலாம்.

1959-இல் இதே நிறுவனம் இரண்டு தண்டவாள வகைக்கும் மாறியது. அதற்குள் இங்கிலாந்தின் மார்கேட் நகரத்திலிருந்து மலிவாக வந்துகொண்டிருந்த ட்ரை-ஆங் பிளாஸ்டிக் ரயில்கள் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தன. 1964-இல் ட்ரை-ஆங்கின் உரிமையாளரான லைன்ஸ் பிரதர்ஸே மெக்கானோவை வாங்கிவிட்டது. சேகரிப்பவருக்கு இந்த வரலாற்றினால் ஒரு நடைமுறை விளைவு உண்டு. மூன்று தண்டவாள என்ஜினின் இரு பக்கச் சக்கரங்களும் அச்சின் வழியே மின்சாரத்தால் ஒன்றோடொன்று இணைந்தவை. அதைத் தூக்கி இரண்டு தண்டவாளப் பாதையில் வைத்தால் உடனே ஷார்ட் ஆகும். வாங்கும் பொருள் எந்த வகை என்பதை விற்பவரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

டப்லோ என்ஜினின் உடற்கூடு மசாக் என்னும் துத்தநாகக் கலப்பு உலோகத்தில் வார்க்கப்பட்டது. அந்தக் கலவைக்கு 99.99 விழுக்காடு தூய்மையுள்ள துத்தநாகம் வேண்டும். ஈயத்தின் சிறு கலப்பு உள்ளே நுழைந்திருந்தாலும், பல ஆண்டுகள் கழித்து உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிப்பு தொடங்கிவிடும். ஈரப்பதம் அதை விரைவுபடுத்தும். நோய் பிடித்த வார்ப்பு முதலில் சற்று உப்பும், நீளும். வண்ணத்தின் மேல் மயிரிழை போன்ற வெடிப்புகள் வலையாகப் படரும். இறுதியில் விரல் பட்டாலே மூலைகள் உதிரும். இதற்கு மருந்து இல்லை. பசையிட்டு நிரப்பினாலும் உள்ளே அரிப்பு நடந்துகொண்டேதான் இருக்கும். எனவே வாங்குமுன் ஒளிப்படங்களில் பார்க்க வேண்டிய இடங்கள் இவை: கொதிகலனின் அடிவிளிம்பு நேராக இருக்கிறதா, ஓட்டுநர் அறையின் மூலைகளில் விரிசல் உண்டா, பெட்டிகளின் வார்ப்புச் சக்கரங்கள் வட்டமாக உள்ளனவா. விளிம்பு வில்லாக வளைந்திருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுவதே நல்லது.

அடுத்தது, அசல் தன்மை. அட்டைப்பெட்டிகளின் ஓரத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்ட குறியீடுகளிலிருந்து பல சமயம் அப்பெட்டி அச்சான மாதத்தையும் ஆண்டையும் அறியலாம். உள்ளே இருக்கும் என்ஜின் அந்தக் காலத்தோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க வேண்டும். இப்போது அசலைப் போலவே அச்சிட்ட புதுப் பெட்டிகளும் விற்கப்படுகின்றன. அப்படி என்று சொல்லி விற்றால் அதில் தவறில்லை, சொல்லாமல் விற்றால் விலையில் ஏமாற்றம். மறுவண்ணம் பூசியதைக் கண்டுபிடிக்க, ஒளிப்படத்தில் திருகுகளின் தலையைப் பெரிதாக்கிப் பார்ப்பது நல்ல வழி. வெட்டுப்பள்ளத்துக்குள் வண்ணம் நிரம்பியிருந்தாலும், எண்ணெழுத்துகளின் மேல் வார்னிஷ் தடிப்பாகப் பளபளத்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

நம் ஊரிலிருந்து வாங்குபவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து அஞ்சலில்தான் வரவழைக்க வேண்டியிருக்கும். என்ஜினையும் டெண்டரையும் தனித்தனியாகச் சுற்றி அனுப்பும்படி முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்வது மிக அவசியம். கனமான இரண்டு வார்ப்புகள் ஒரே பெட்டிக்குள் மோதிக்கொண்டு வந்தால், படிக்கட்டும் முன்பக்க பஃபரும் உடைந்துதான் வந்து சேரும்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன்

பழைய கன்ட்ரோலரும் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்தே கிடைத்திருந்தால், அவற்றை அலமாரியில் காட்சிக்கு வையுங்கள். சுவர் பிளக்கில் செருகாதீர்கள். அக்காலத்து ரப்பர் உறையிட்ட கம்பிகள் இறுகி, வளைத்தால் நொறுங்கும் நிலையில் இருக்கும். வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வெறுங்கம்பி நின்றுகொண்டிருக்கும். 230 வோல்ட்டோடு இதில் விளையாடக் கூடாது. அக்காலத்து மின்சாதனங்கள் சிலவற்றுக்குள் அஸ்பெஸ்டாஸும் இருந்தது என்பதால், உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்ப்பதும் வேண்டாம். மாதிரி ரயிலுக்கென்று இப்போது செய்யப்படும், 12 வோல்ட் நேர்மின்சாரம் தரும் நல்ல கன்ட்ரோலர் ஒன்றை வாங்கிக்கொண்டால் போதும்.

நேர்மின்சாரம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று தண்டவாளம் இருப்பதால் மட்டும் எல்லா ரயில்களும் ஒன்றாகிவிடா. ஜெர்மனியின் மார்க்லினும் அமெரிக்காவின் பழைய லயனலும் மாறுமின்சாரத்தில் ஓடுபவை. அவற்றின் டிரான்ஸ்ஃபார்மரை டப்லோவுக்குக் கொடுத்தால் என்ஜின் நகராது; ரீங்காரமிட்டுச் சூடேறும், சுருள் கருகும்.

இன்னொரு எச்சரிக்கை. என்ஜினைக் கையில் எடுத்தவுடன் மேசைமேல் வைத்துத் தள்ளிப் பார்க்கத் தோன்றும். செய்யக் கூடாது. மோட்டாரின் அச்சில் உள்ள வார்ம் என்னும் திருகுப்பல், சக்கரத்தின் பற்சக்கரத்தைச் சுழற்றும். சக்கரத்தால் திருகுப்பல்லைத் திருப்பிச் சுழற்ற இயலாது. பலமாகத் தள்ளினால் பல் தேயும், அல்லது சக்கரம் அச்சில் நழுவி, இரு பக்கச் சக்கரங்களின் கோணப் பொருத்தம் மாறிவிடும். அதைச் சரிசெய்வது மற்ற எல்லா வேலைகளையும்விடக் கடினமானது.

சுத்தம் செய்வதும் சோதிப்பதும்

உடற்கூட்டைப் பிடித்திருக்கும் திருகு மாதிரிக்கு மாதிரி வேறு இடத்தில் இருக்கும். தலைக்குச் சரியாகப் பொருந்துகிற திருப்புளியை மட்டுமே பயன்படுத்த வேண்டும். அசையாவிட்டால் ஒரு துளி ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வதும், வெள்ளைத் துணி விரித்த தாம்பாளத்துக்குள் வேலை செய்வதும் நல்ல பழக்கங்கள். மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டான பிரஷ்ஷைத் தள்ளும் ஸ்பிரிங் துள்ளிப் பறந்தால் தரையில் தேடிக் கண்டெடுப்பது அரிது.

முதலில் மின்சாரம் வரும் பாதையைப் பாருங்கள். டப்லோவில் நடுத் தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டே போகும் பிக்-அப் தகடு, அடிச்சட்டத்தோடு ஒட்டாமல் தனித்து நிற்கும். டாங்க் என்ஜினில் அது சக்கரங்களுக்கு நடுவிலும், டச்சஸில் டெண்டருக்கு அடியிலும் இருக்கிறது. மின்சாரம் அங்கிருந்து ஒரு பிரஷ்ஷுக்கு வந்து, மோட்டார் வழியே மறு பிரஷ்ஷுக்குச் சென்று, அடிச்சட்டம், சக்கரம், வெளித் தண்டவாளம் என்று திரும்பிப் போகும். இந்தச் சுற்றில் எங்கே தடை இருக்கிறது என்பதை ஒரு மல்டிமீட்டர் சில நிமிடங்களில் காட்டிவிடும். பிக்-அப் தகட்டின் அடிப்பக்கம் கறுத்திருந்தால் கண்ணாடி இழைப் பேனாவால் மெல்லத் தேய்த்தால் போதும். டெண்டரிலிருந்து வரும் கம்பியின் உறை நொறுங்கியிருந்தால், அதே தடிமனில் மென்மையான புதுக் கம்பி போட்டு ஈயம் வைக்க வேண்டும். பழைய கம்பியை வீசிவிடாமல் ஓர் உறையில் போட்டு வையுங்கள்.

பிறகு மோட்டார். பழுப்பு நிறப் பிசினாக உறைந்திருக்கும் பழைய எண்ணெயே இங்கே முதல் எதிரி. பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைனில் பஞ்சுக் குச்சியை நனைத்து, அச்சின் இரு முனைகளையும் திருகுப்பல்லையும் பிசின் கரையும்வரை துடைக்க வேண்டும். காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்புக்கும் விளக்குக்கும் தொலைவில் இதைச் செய்ய வேண்டும். முழுதும் உலர்ந்த பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டும். அந்தத் திரவம் வண்ணம் பூசிய பகுதியில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மோட்டாருக்குள் சுழலும் கம்பிச் சுருள் பகுதியான ஆர்மேச்சரின் ஒரு முனையில், மூன்று செம்புத் துண்டுகள் சேர்ந்து வட்டமாகத் தெரிவதுதான் கம்யூட்டேட்டர். நல்ல நிலையில் அது பளிச்சென்ற செம்பு நிறத்தில், பிரஷ் தொடும் தடத்தில் மட்டும் சற்றே கருமையாக இருக்கும். பழைய என்ஜின்களில் அது முழுதும் கறுத்திருக்கும். துண்டுகளுக்கு இடையிலுள்ள மூன்று மெல்லிய இடைவெளிகளிலும் கரித்தூளும் எண்ணெயும் கலந்த கரும்பசை நிரம்பியிருக்கும். அந்தப் பசை மின்சாரத்தைக் கடத்தும். ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு மின்சாரம் நேரே தாவிவிடும். மோட்டார் திணறுவதும் தீப்பொறி பறப்பதும் சூடாவதும் பெரும்பாலும் இதனால்தான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் செம்பைத் துடைத்துவிட்டு, பல்குத்தும் குச்சியின் முனையைக் கூராக்கி, ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு முறை இழுத்தால் கரும்பசை சுருளாக வெளியே வரும். ஊசியாலோ கத்தியாலோ கீறக் கூடாது; செம்பின் ஓரத்தில் பிசிறு எழுந்தால் அது பிரஷ்ஷை அரித்துவிடும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு செய்த பிறகும் ஓடாவிட்டால், இரு பிரஷ்களையும் எடுத்து நீளத்தைப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் எது இருந்தது, எந்த வாக்கில் இருந்தது என்று குறித்துக்கொண்டு, அப்படியே திரும்ப வைக்க வேண்டும். கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்ப அவை தேய்ந்து பழகியிருக்கும். பிரஷ்களை எடுத்த நிலையில், கம்யூட்டேட்டரின் துண்டுகளை இரண்டிரண்டாக மல்டிமீட்டரால் அளந்தால் மூன்று அளவுகளும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மிகக் குறைந்திருந்தால் அந்தச் சுருளுக்குள் ஷார்ட். ஒன்று மிக அதிகமாக இருந்தால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. அறுந்த இடம் பல சமயம் கம்யூட்டேட்டரின் காதில் ஈயம் வைத்த புள்ளியாகவே இருக்கும். நுண்முனை ஈயக்கோலால் அதை மீண்டும் ஒட்டிவிடலாம். எந்தத் துண்டிலிருந்தும் அச்சுக்கு மின்தொடர்பு இருக்கவே கூடாது.

ஆர்மேச்சரைக் காந்தத்துக்கு நடுவிலிருந்து வெளியே எடுக்க வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். இந்தப் பழைய காந்தங்களின் இரு முனைகளுக்கு இடையிலும் இரும்பு இருந்தவரையில்தான் அவற்றின் வலிமை முழுமையாக நிற்கும். ஆர்மேச்சரை எடுத்த கணத்தில் அந்தச் சுற்று உடைந்து வலிமை குறையும். திரும்ப வைத்தாலும் மீளாது. கட்டாயம் எடுத்தே தீர வேண்டுமென்றால், எடுப்பதற்கு முன்பே காந்த முனைகளுக்குக் குறுக்கே ஒரு மென்னிரும்புத் துண்டை ஒட்டவைத்திருக்க வேண்டும். காந்தம் தளர்ந்துவிட்டதற்கு அடையாளம் எளிது: என்ஜின் தனியே வேகமாக ஓடும், இரண்டு பெட்டிகளை மாட்டினால் நின்றுவிடும், மின்சாரத்தை மிகுதியாக உறிஞ்சும், சிறிது நேரத்திலேயே கை வைக்க முடியாமல் சுடும். காந்தமேற்றும் கருவி வைத்திருப்பவரால் மட்டுமே இதைச் சரிசெய்ய முடியும். 1969 முதல் இயங்கிவரும் ஹார்ன்பி ரயில்வே சேகரிப்பாளர் சங்கத்தில் சேர்ந்தால் அப்படிப்பட்டவர்களின் தொடர்பு கிடைக்கும்.

எண்ணெய் இடுவது கடைசி வேலை. தையல் மெஷின் எண்ணெயில் ஊசியின் நுனியைத் தோய்த்து, நுனியில் தங்கிய துளியை மட்டும் ஒவ்வோர் அச்சின் முனையிலும் வைக்க வேண்டும். திருகுப்பல்லுக்குச் சிறிது லித்தியம் கிரீஸ். கம்யூட்டேட்டர் பக்கத்தில் உள்ள தாங்கிக்கு மற்றவற்றில் பாதி போதும். மிகுந்த எண்ணெய் செம்பின் மேல் வழிந்து மறுபடி கரும்பசையை உண்டாக்கும். பிறகு என்ஜினைத் தலைகீழாக ஒரு துணியில் கிடத்தி, நடுப் பிக்-அப்பிலும் சக்கரத்திலும் கம்பிகளைத் தொட்டு, குறைந்த வோல்ட்டில் தொடங்கி மெல்லக் கூட்டிப் பாருங்கள். ஆம்பியர் அளவி இருந்தால் இன்னும் நல்லது: சுத்தமாக்கிய பின்னும் வெறும் என்ஜினே ஓர் ஆம்பியரைத் தொட்டால், எங்கோ இறுக்கம் இருக்கிறது அல்லது காந்தம் தளர்ந்திருக்கிறது.

தகரப் பெட்டிகளும் வண்ணமும்

பெட்டிகளின் பக்கங்களில் உள்ள சன்னல், எழுத்து, மரப்பலகைக் கோடு எல்லாம் தகரத்தின் மேல் கல்லச்சு முறையில் பதித்தவை. என்ஜினுக்குப் பயன்படுத்திய திரவங்கள் எதுவும் இங்கே ஆகாது. ஆல்கஹால் பட்டால் மேற்பூச்சு மங்கி எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். மென்மையான ஈரத்துணியில் ஒரு சொட்டுக் காரமில்லாத சோப்பு, உடனே உலர்ந்த துணி, கடைசியில் மெல்லிய நுண்மெழுகுப் பூச்சு, அவ்வளவே. அதையும் முதலில் அடிப்பக்கத்தில் சோதித்துப் பார்த்த பின்னரே செய்ய வேண்டும்.

மறுவண்ணம் பூசுவது பற்றிச் சேகரிப்பாளர்களிடையே நெடுநாளாகக் கருத்து வேறுபாடு உண்டு. என் முடிவு தெளிவானது: அசல் வண்ணம் பாதியாவது மிஞ்சியிருந்தால் தொடக் கூடாது. உரிந்த விளிம்பும் தேய்ந்த கூரையும் அந்தப் பொருள் குழந்தைகளின் கையில் ஓடியதற்குச் சான்று. அவற்றை அழித்த பிறகு எந்தப் பணத்தாலும் திரும்பப் பெற முடியாது. ஏற்கெனவே யாரோ தூரிகையால் மொத்தமாகப் பூசிவிட்ட என்ஜினானால் தாராளமாகச் செய்யலாம். அப்போதும் உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது.

ஓட்டுவதும் பாதுகாப்பதும்

டப்லோவின் வழக்கமான வளைவுத் தண்டவாளத்தின் ஆரம் 15 அங்குலம். எட்டுத் துண்டுகள் சேர்ந்தால் ஒரு வட்டம். சாப்பாட்டு மேசையின் மேலேயே ஒரு பாதை போட்டுவிடலாம். தண்டவாளத்தின் மேற்பரப்பை ஆல்கஹால் துணியால் துடைத்து, நடுத் தண்டவாளம் தகரத் தளத்தைத் தொடாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு துண்டாக மீட்டரில் பார்த்த பிறகே இணைக்க வேண்டும். ஒரே ஒரு பழுதுள்ள துண்டு முழுப் பாதையையும் ஷார்ட் ஆக்கிவிடும்.

கடலோரத்து ஈரக்காற்றில் வாழும் நமக்கு, வைத்துக் காப்பதுதான் செப்பனிடுவதைவிடக் கடினம். மூடி இறுகப் பொருந்தும் பிளாஸ்டிக் பெட்டியில், அமிலமற்ற மெல்லிய தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் அந்தப் பொட்டலங்களை மாற்ற வேண்டும். ஸ்பாஞ்சில் நேரடியாக வைக்கக் கூடாது. சில ஆண்டுகளில் அது இளகி வண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒரு முறையாவது ஒவ்வோர் என்ஜினையும் சில சுற்றுகள் ஓட்டினால் எண்ணெய் உறையாது, பிரஷ்ஷும் கம்யூட்டேட்டரும் சுத்தமாக இருக்கும்.

ஒவ்வோர் என்ஜினுக்கும் ஒரு குறிப்பேட்டுப் பக்கம் ஒதுக்குங்கள். வாங்கிய நாள், விலை, வந்தபோது இருந்த நிலையின் படம், மாற்றிய பாகங்கள், அளந்த ஆம்பியர் ஆகியவற்றை அதில் எழுதி, கழற்றிய அசல் பாகங்கள் உள்ள உறையையும் அந்தப் பக்கத்தோடு இணைத்துவிடுங்கள். பின்னாளில் அந்த என்ஜினை வாங்குபவர் புதுக் கொக்கியையோ புதுச் சக்கரத்தையோ அசல் என்று நினைத்துப் பணம் கொடுக்காமல் இருப்பதற்கு அந்தப் பக்கம் வேண்டும்.